கிளிப்புக்குக் கீழே

அந்தச் சத்தம் என்னுடையது. செண்பகவல்லியுடையது இல்லை. இதைச் சொல்ல நான்கு நொடி ஆகியிருக்கும். அந்த நான்கு நொடியும் போய், ஐந்து நிமிடமும் போய்விட்டது. நான் இன்னும் இரைப்பையிலேயே நிற்கிறேன். பிரம்பின் நுனி சார்ட்டில் இரைப்பையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இரைப்பையில் என்ன அமிலம் சுரக்கிறது என்று என் வாய் கேட்கிறது, ஹைட்ரோகுளோரிக் அமிலம் டீச்சர் என்று நாற்பத்தேழு வாய் பதில் சொல்கிறது. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் இன்று வந்திருப்பவர்கள் நாற்பத்தெட்டுப் பேர், அந்த ஒரு வாயை நான்தான் வெளியே அனுப்பினேன். முதல் பெஞ்சில் சன்னலோரம் அவள் இடம் காலியாகக் கிடக்கிறது, அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸ் திறந்தபடி இருக்கிறது. கரும்பலகையில் செரிமான மண்டலம் என்று எழுதி முடித்துச் சாக்பீஸை வைத்த நேரம் அது. வகுப்பு அமைதியாக இருந்தது. என் வகுப்பு எப்போதும் அமைதியாகத்தான் இருக்கும், இருபத்திரண்டு வருடம் அதற்காகத்தான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், அந்த அமைதிதான் என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. நீளமாக, ஈரமாக, கடைசியில் ஒரு சின்னத் திக்கலோடு முடிந்த சத்தம். நான் என்ன செய்திருக்க வேண்டும், ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம், பலகையைப் பார்த்துத் திரும்பியிருக்கலாம். நான் முதல் பெஞ்சைப் பார்த்தேன். வகுப்பில் எந்தச் சத்தம் வந்தாலும் கண் தானாக ஒருத்தியைப் போய்ப் பிடிக்கும், அது என் தொழில் பழக்கம், யார் என்று கேட்க மாட்டேன், பார்ப்பேன், அவள் எழுந்துவிடுவாள். என் கண் போய் விழுந்த இடத்தில் செண்பகவல்லி இருந்தாள், அவ்வளவுதான். பின்னால் யாரோ "ஐயே" என்றாள், துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள், அப்புறம் நான்கு பேர் பொத்தினார்கள், பிறகு வகுப்பே பொத்தியது. வாடை இல்லை. வராது. வயிற்றில் ஒட்டியிருக்கும் என் பை அந்த மாதிரிச் செய்யப்பட்டது, சத்தத்தை விடும், வாடையை விடாது. இல்லாத வாடைக்கு நாற்பத்தேழு பேர் மூக்கைப் பொத்தினார்கள்.

அதோடு விட்டேனா. "போயி முகத்தக் கழுவிட்டு வாம்மா" என்றேன். இரக்கப்பட்டுச் சொன்ன மாதிரி சொன்னேன், குரலில் தேன் வடிந்தது. எனக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் பூட்டு டீச்சர். என் பாடவேளையில் யாரும் வெளியே போக முடியாது, ஒண்ணுக்கு வந்தாலும் சரி, தலை சுற்றினாலும் சரி, மணி அடிக்கட்டும் என்பேன். விரலைத் தூக்கி நிற்கும் பிள்ளையை நான் பார்க்காத மாதிரி பாடம் நடத்துவேன், அது தானாகக் கையை இறக்கிவிடும். அப்படிப்பட்டவள் கேட்காமலே ஒருத்தியை வெளியே அனுப்பினால் என்ன அர்த்தம். அவள்தான் என்று தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட்ட அர்த்தம். அந்தப் பிள்ளை எழுந்தபோது என்னைப் பார்த்தது. நான் இல்ல டீச்சர் என்று சொல்லும் என்று காத்திருந்தேன், சொல்லியிருந்தால்கூட என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அவளோ காதெல்லாம் சிவந்து, பாவாடையில் கறை பட்டவள் மாதிரிப் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டே வாசல்வரை போனாள்.

இரைப்பையில் உணவு எவ்வளவு நேரம் இருக்கும், மூன்றிலிருந்து நான்கு மணி நேரம், எழுதிக்கொள்ளுங்கள். எழுதுகிறார்கள். எழுதும்போது தலை குனிந்திருக்கும், என்னை யாரும் பார்க்க மாட்டார்கள், நான் இடது கையை முந்தானைக்குள் விட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, தொப்புளுக்கு இடது பக்கம். பை கொஞ்சம் உப்பியிருக்கிறது. வெந்நீர் ஊற்றின பலூன் மாதிரி வெதுவெதுப்பாக இருக்கிறது, அந்த வெதுவெதுப்புதான் எனக்குச் சகிக்காது, என் உடம்புச் சூடு என் கைக்கே அந்நியமாகப் படும். மலக்குடலில் கட்டி, மிகவும் கீழே இருந்தது. மலக்குடலையும் மலவாயையும் எடுத்துவிட்டார்கள், இருந்த இடத்தைத் தைத்து மூடிவிட்டார்கள், பெருங்குடலின் முனையை வயிற்று வழியாக வெளியே இழுத்துத் தோலோடு தைத்தார்கள், அதன் மேல்தான் இந்தப் பை. ரோஜா மொட்டு மாதிரி அழகா இருக்கு பாருங்கம்மா என்றாள் நர்ஸ். எனக்கு அப்படித் தெரியவில்லை, உதட்டை மடித்துப் பார்த்தால் உள்ளே தெரியுமே, அந்த ஈரச் சிவப்பு. கிள்ளினாலும் வலிக்காது, அதற்கு உணர்ச்சி நரம்பு இல்லை. மூடவும் தெரியாது. நாம் எல்லோரும் மூன்று வயதுக்குள் கற்றுக்கொள்ளும் ஒரே ஒரு நாகரிகம், மணி அடிக்கட்டும் என்று உடம்பை நிறுத்தி வைப்பது, அது இதற்குத் தெரியாது. பூட்டு டீச்சருக்குப் பூட்டு இல்லாமல் போய்விட்டது. இதை நினைத்து ஒருநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நானே சிரித்திருக்கிறேன், என் வீட்டுக்காரர் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டார்.

ஊருக்குச் சொன்னது வேறு. கர்ப்பப்பையை எடுத்தாச்சு என்று சொன்னோம். யோசித்துச் செய்ததுகூட இல்லை, மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நாத்தனார் போன் பண்ணி என்ன ஆபரேஷன் என்று கேட்டாள், என் வாயில் அதுதான் வந்தது. ஐம்பது வயதுப் பொம்பளைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றால் யாரும் மேலே ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அது மரியாதையான நோய். பிள்ளை பெற்ற இடம், பாடுபட்ட இடம், போனால் போகட்டும் என்று ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்ப்பார்கள். இன்னொன்றைச் சொன்னால் வந்தவர்கள் எங்கே உட்கார்வார்கள், என் கையால் காபி வாங்கிக் குடிப்பார்களா. அதே பொய்யை ஏழு மாச மருத்துவ விடுப்பு முழுக்கச் சொன்னேன், ஸ்டாஃப் ரூமுக்கும் சொன்னேன். தலைமையாசிரியைக்கு மட்டும் சான்றிதழில் உண்மை தெரியும், அவர் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார், உடம்பப் பாத்துக்கோங்க உலகம்மா என்றதோடு சரி. பொய் நன்றாகத்தான் இருந்தது, போன வாரம்வரை, நான் பள்ளிக்குத் திரும்பும்வரை, எஸ்தர் டீச்சர் உளுந்தங்களி கொண்டுவரும்வரை.

சிறுகுடல், அடுத்தது சிறுகுடல், ஏழு மீட்டர் நீளம் இருக்கும், இந்த வகுப்பறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் என்கிறேன், எல்லோரும் சுவரைப் பார்க்கிறார்கள். எஸ்தர் கணக்கு டீச்சர், என்னைவிடப் பத்து வயது சின்னவள், யாருக்கு என்றாலும் ஓடுவாள். கர்ப்பப்பை எடுத்தவங்களுக்கு இடுப்பு எலும்பு தேஞ்சு போகும்க்கா, எங்கம்மாவுக்கு நான் பாத்தவ, உளுந்துதான் மருந்து என்று சொல்லிவிட்டு, தோலுளுந்தை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் கிண்டி, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க டப்பாவில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். திங்கள், செவ்வாய், இன்று புதன். வாய்வு வரும் எஸ்தர் என்று சொல்லலாம், வந்தா வரட்டும்க்கா, எலும்புக்கு நல்லதுல்லா என்பாள். டாக்டர் வேண்டாம் என்றார் என்று சொல்லலாம், எந்த டாக்டரு, உளுந்த வேண்டாங்கிற டாக்டரு எந்த ஊருல இருக்காரு என்பாள். கர்ப்பப்பை இல்லாத ஒருத்தி உளுந்தங்களியை வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடையாது. எனக்குக் கர்ப்பப்பை பத்திரமாக இருக்கிறது. அது இருக்கும் இடத்தில் இருந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. மூன்று நாளும் டப்பாவை வழித்துத் தின்றேன், எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து நான் விழுங்குகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். உளுந்தில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரையை உடைக்க நமக்கு நொதி கிடையாது. அது செரிக்காமல் சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போகும், அங்கே இருக்கிற பாக்டீரியாவுக்கு அது கல்யாணச் சாப்பாடு, தின்றுவிட்டு வாயுவாக விடும். மத்தியானம் வயிற்றில் புதுச் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசைந்து பழைய சரக்கைத் தள்ளும். ஆகவே இன்றைய சத்தம் நேற்றைய களி. எனக்கு எல்லாம் தெரியும், நொதி பெயர் தெரியும், நேரம் தெரியும், நான் எம்.எஸ்ஸி. விலங்கியல். தெரிந்துதான் தின்றேன்.

குடலுறிஞ்சிகள் என்று எழுதுங்கள், விரல் போல நீண்டிருக்கும், லட்சக்கணக்கில் இருக்கும். கை தூக்குகிறாள் ஒருத்தி, விரல் மாதிரின்னா அது அசையுமா டீச்சர். அசையும் என்கிறேன். சொல்லும்போதே இடது பக்கம் உள்ளே ஏதோ நகர்வது தெரிகிறது, வலி இல்லை, ஒரு நகர்வு, பூனை பாய்க்கு அடியில் புகுந்த மாதிரி. வரப்போகிறது. இன்னொன்று வரப்போகிறது. செண்பகவல்லி வெளியே இருக்கிறாள். இப்போது வந்தால் அது அவள் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம், வாயைத் திறக்க வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றால் போதும், என் குடலே சாட்சி சொல்லி அவளைக் காப்பாற்றிவிடும். எவ்வளவு சுலபம். இந்த நினைப்பு முடிவதற்குள் என் கை முந்தானைக்குள் போய்விட்டது, உள்ளங்கையால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன், இன்னொரு கையால் மேசையைப் பிடித்துத் தரையோடு கரகரவென்று இழுத்தேன், கூடவே இருமினேன். இருமல்கூட வரவில்லை, இருமுவது மாதிரிக் கத்தினேன். உள்ளங்கைக்குக் கீழே பை தடதடத்து அடங்கியது. மேசை எதுக்கு டீச்சர் என்று கேட்டார்கள். வெயில் படுது என்றேன். மேசையில் வெயில் படவில்லை, அது அவள் இடத்தில்தான் பட்டுக்கொண்டிருந்தது. முதல் தடவை நடந்ததைப் பதற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம், கண் தவறிப் போய் விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இதை என்ன சொல்வது. மனுஷி செய்கிற காரியமா இது. பதினாலு வயதுப் பிள்ளை குழாயடியில் நின்று அழுதுகொண்டிருக்க, நான் இங்கே மேசையை இழுக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, வயிற்றில் தொங்குவதற்காக இத்தனை நாள் பட்டது வெட்கமே இல்லை என்று தோன்றும்படி வெட்கமாக இருக்கிறது.

நான் படித்த பள்ளியில் ஒருத்தி இருந்தாள், ஏழாம் வகுப்பில், பிரேயரில் எல்லோரும் கண் மூடி நின்றபோது ஒரு சத்தம். அவளுக்கு வெடி என்று பெயர் வைத்தோம். வைத்தது நானா, வேறு யாராவதா தெரியாது, நானும் கூப்பிட்டேன். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு முழுக்க அவள் வெடிதான். குரூப் போட்டோவில் கடைசி வரிசையில் நிற்கிறாள், சிரிக்காமல் நிற்கிறாள். பல வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது எனக்கு அவளுடைய சொந்தப் பெயர் ஞாபகம் வரவில்லை, நல்லாருக்கியா என்று மொட்டையாகக் கேட்டுவிட்டு நகர்ந்தேன். இப்போதும் வரவில்லை, அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்குமே, பாட்டோடு தொட்டில் கட்டி வைத்திருப்பார்களே. செண்பகவல்லி என்ற பெயரும் அப்படிப் போய்விடும். நான் கண்ணால் போக்கடித்திருக்கிறேன்.

பெருங்குடல். பெருங்குடல் ஒன்றரை மீட்டர், நீரை உறிஞ்சும். என் பிரம்பு வழக்கமான இடத்துக்கு வந்து நிற்கிறது, ஏனென்றால் அதற்குக் கீழே சார்ட் இல்லை. சுருட்டி ஒரு நீலத் துணிக்கிளிப் போட்டிருக்கிறது. முதல் வருடம் நான் சார்ட்டை முழுதாகத் தொங்கவிட்டேன், அப்போது இருந்த தலைமையாசிரியை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார், பொம்பளப் புள்ளைங்களுக்கு இது எதுக்கு என்று அடியைச் சுருட்டித் தன் மேசையிலிருந்து ஒரு மரக்கிளிப் கொண்டுவந்து மாட்டினார். அவர் ஓய்வு பெற்றுப் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. மரக்கிளிப் உடைந்தபோது நீலக் கிளிப்பை வாங்கி வந்து மாட்டியது நான்தான். சார்ட் கிழிந்து புதுச் சார்ட் வாங்கியபோதும் முதல் வேலையாகச் சுருட்டினேன். மீதிய வீட்டுல படிச்சுக்கோங்க என்பேன், பிள்ளைகள் குனிந்து சிரிக்கும், நான் பலகையை அழிக்கத் திரும்புவேன், அது எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பரீட்சையில் படம் வரைந்தால் கடைசி இரண்டு பாகத்துக்குப் பெயர் எழுத மாட்டார்கள். கோடு மட்டும் இழுத்து விட்டிருப்பார்கள், அதற்கு நான் அரை மார்க் குறைக்கவும் மாட்டேன்.

பெயர் எழுதாத கோடு எனக்கும் இருந்தது. ரத்தம் வர ஆரம்பித்து எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மூலம் என்று நானே முடிவு செய்தேன், மாமனாருக்கு என்று பொய் சொல்லி மருந்துக்கடையில் பொடி வாங்கினேன், மாமனார் செத்துப் போய் நாலு வருடம், கடைக்காரருக்கும் அது தெரியும், அவரும் ஒன்றும் கேட்காமல் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். கடைசியில் டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது, எங்கேம்மா பிரச்சினை என்று அவர் கேட்டார். வயித்துல என்றேன். வயித்துல எங்க. நான் விரலால் தொப்புளைக் காட்டினேன். இருபத்திரண்டு வருடம் பிரம்பு வைத்துப் பாகம் பாகமாகக் காட்டினவள் தொப்புளைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா இந்தப் பகுதியக் காப்பாத்தியிருக்கலாம், நீங்க என்ன வேலை பாக்கறீங்க என்று கேட்டார். டீச்சர் என்றேன். என்ன பாடம் என்று கேட்டார். தமிழ் என்று சொல்லிவிட்டேன்.

செண்பகவல்லி வந்துவிட்டாள். வாசலில் நிற்கிறாள், உள்ளே வரலாமா டீச்சர் என்று கேட்கிறாள், நான் தலையை ஆட்டுகிறேன். முகம் கழுவியிருக்கிறாள், முன் முடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் ராமதிலகம், தினமும் இவளோடு ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவள், தன் பையை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைக்கிறாள், அதை மெதுவாக வைக்கிறாள். செண்பகவல்லி அந்தப் பையைப் பார்த்துவிட்டுச் சன்னல் பக்கம் இன்னும் நகர்ந்துகொண்டாள். ஜாமெட்ரி பாக்ஸை மூடினாள். பிறகு செய்தாளே ஒன்று, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. இடது கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய்த் தன் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், உள்ளே இருப்பதை நகரவிடாமல் பிடிப்பவள் மாதிரி. நான் பிடித்த மாதிரியே. என் கை என் முந்தானைக்குள்ளும் அவள் கை அவள் மேசைக்கு அடியிலுமாக இரண்டு பேரும் ஒரே பாடத்தில் இருந்தோம்.

மணி இரண்டு இருபத்தாறு. இன்னும் நாலு நிமிடம். சாயங்காலம் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம், அப்படித்தான் செய்ய வேண்டும், பிள்ளைகள் முன்னால் எதற்கு. தனியாகக் கூப்பிட்டு என்ன சொல்வாய் உலகம்மா, அது நீ இல்லை என்று எனக்குத் தெரியும் என்று சொல்வாயா, எப்படித் தெரியும் டீச்சர் என்று கேட்டால். தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு பேனா வாங்கிக் கொடுக்கலாம். வகுப்புத் தலைவியாகப் போடலாம். எனக்கு இன்னும் எட்டு வருட சர்வீஸ் இருக்கிறது, சொல்லிவிட்டால் எட்டு வருடமும் பை டீச்சர், புதிதாக வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட என் இடுப்பைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்லும். எஸ்தருக்குத் தெரிந்துவிடும். எஸ்தர் களியை அள்ளி அள்ளி வைத்தாளே, அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன். நாத்தனார் வரைக்கும் போகும். என் வீட்டுக்காரர் ஒருநாளும் முகம் சுளித்தது இல்லை, மின்சார வாரியத்தில் வயர் வெட்டிப் பழகின கை, அளவு அட்டை வைத்து, பைக்கு அடியில் ஒட்டும் பட்டையில் வட்டமாகத் துளை வெட்டிப் பொறுமையாக வயிற்றில் ஒட்டிவிடுவார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். முடிஞ்சிருச்சு உலகு, இந்தப் பக்கம் திரும்பு என்பார். ஏழு மாதமாக நான் அவர் முகத்தைப் பார்த்துத் திரும்பியதில்லை, அவரும் தினமும் அதையே சொல்கிறார்.

செண்பகவல்லி எழுந்து நிற்கிறாள். மணி அடிக்கவில்லை, நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை, எழுந்து நிற்கிறாள். எனக்கு முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது, என் வகுப்பு விதி அது. தப்புச் செய்தவள் மணி அடிப்பதற்குள் எழுந்து எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், நான் சரி என்று சொல்லும்வரை உட்காரக் கூடாது. போட்டது நான். ஆறாம் வகுப்பிலிருந்து பழகிய பிள்ளைகள், விதியை நான் ஞாபகப்படுத்த வேண்டியது இல்லை.

"மன்னிச்சிருங்க டீச்சர்" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. "எனக்குத் தெரியாமலே வந்துருச்சு."

பின்னால் சிரிப்பு வர ஆரம்பித்து அடங்கியது. அவள் நிற்கிறாள். நான் சரி என்று சொன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஒரு சொல், பாடம் முடிந்துவிடும், மணி அடித்துவிடும். தெரியாமலே வந்துவிட்டதாம். வராததற்கு அந்தப் பிள்ளை இடம், நேரம் எல்லாம் கண்டுபிடித்துத் தன் உடம்புக்குள்ளேயே வைத்துக்கொண்டுவிட்டது. குழாயடியில் நின்று யோசித்திருப்பாள், டீச்சர் பார்த்தாங்களே, டீச்சர் சும்மா பார்ப்பாங்களா, அப்போ நான்தான் போலிருக்கு. நான் சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன், அது நிஜம், அதையும் மறைக்கப் போவதில்லை, வாயைத் திறந்தேன். வரவில்லை. பிரம்பை மேசையில் வைத்துவிட்டுச் சார்ட் பக்கம் போனேன். கிளிப் இறுகிப்போயிருந்தது, இரண்டு கையாலும் அழுத்தி எடுத்தேன், சார்ட் பொத்தென்று அவிழ்ந்து சுவரில் அடித்தது. அடிப்பகுதி புதுசாக இருந்தது. மேலே எல்லாம் வெளிறிப்போய் இரைப்பையும் கல்லீரலும் ஒரே நிறத்தில் கிடக்க, கீழே அந்த இரண்டு பாகமும் கடையில் வாங்கின அன்று இருந்த சிவப்பில் இருந்தன, வெளிச்சமே படாமல் இருந்ததால்.

"இது மலக்குடல்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, திரும்பவும் சொன்னேன். "இது மலக்குடல். இது மலவாய். எழுதிக்கோங்க, பரீட்சைல பேர் எழுதாம விட்டா இனிமே மார்க்கு கிடையாது." யாரும் எழுதவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது ரெண்டும் எனக்கு இல்ல. ஆபரேஷன்ல எடுத்துட்டாங்க. எனக்கு இங்க வழி வச்சிருக்காங்க, ஒரு பை போட்டிருக்கேன்." முந்தானைக்கு மேலாக இடது பக்கம் கையை வைத்தேன். வைத்தபடியே சொன்னேன். "அதுல வாயு வந்தா என்னால நிறுத்த முடியாது. அப்ப கேட்ட சத்தம் என்னுது. மேசைய இழுத்தனே, அதும் அதுக்குத்தான்."

வாசலில் நிழல் தெரிந்தது, அடுத்த பாடவேளைக்கு எஸ்தர் வந்து நின்றுகொண்டிருந்தாள், கையில் கணக்குப் புத்தகம், எப்போது வந்தாள் தெரியாது. அவளைப் பார்த்தேன். முகம் எப்படி இருக்கும் என்று பயந்தேனோ அப்படி இல்லை, வேறு எப்படியோ இருந்தது, களி டப்பாவை நினைத்தாளோ என்னவோ வாயில் கை வைத்துக்கொண்டாள். நான் அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், எனக்கு வேலை முதல் பெஞ்சில்தான் இருந்தது. செண்பகவல்லி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். நான் சரி சொல்லவில்லையே, அதனால் நின்றுகொண்டிருந்தாள். என் வயிற்றையும் சார்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கை இன்னும் அவள் வயிற்றில்தான் இருந்தது.

"அப்ப நான் இல்லையா டீச்சர்?"

"இல்லம்மா. நீ இல்ல. எனக்கு அப்பவே தெரியும்."

அவள் கையை எடுத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை, என்னையே பார்த்தாள், இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தாள், எனக்கு அப்பவே தெரியும் என்று சொன்னதை அவள் கேட்டுவிட்டாள். கேட்கட்டும். "நீ உக்காரு" என்றேன், உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பையை ராமதிலகம் எடுத்துத் தன் காலடியில் வைத்தாள்.

"மன்னிச்சிரு செண்பகவல்லி" என்றேன். மேசையைத் தாண்டி, முதல் பெஞ்சுக்கு நேராக வந்து, எல்லார் முன்னாலும் கையைக் கட்டி நின்றேன். மணி அடித்தது. ஒருத்தியும் அசையவில்லை, எஸ்தரும் உள்ளே வரவில்லை. அவள் சரி என்று சொல்லும்வரை நான் நிற்க வேண்டும், அது என் வகுப்பு விதி. அவள் இன்னும் சொல்லவில்லை. அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை, நின்றுகொண்டிருந்தேன்.